லயத்து மண்ணில் கிடக்கும் காசு: புசல்லாவையும் உலோகத் தேடலும்

கேள்வி

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவை டவுனைத் தாண்டினால் இரு பக்கமும் தேயிலைதான். அந்தத் தேயிலைக்கு அடியில் இன்னொரு தோட்டம் புதைந்திருக்கிறது. 1880களில் செத்துப்போன கோப்பித் தோட்டம் அது. ரொத்சைல்ட் தோட்டம், டெல்டா, ஹெல்பொடை, சோகம என்று இன்று தேயிலைப் பெட்டிகளில் வரும் பெயர்கள் பலவும் கோப்பிக் காலத்துப் பெயர்களே. கானு வெட்டும்போதோ முள்ளுக்குத்தும்போதோ தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் மண் சரிந்த இடத்திலோ செப்புக்காசு ஒன்று அகப்பட்டால், அது பிள்ளைகள் கையில் விளையாட்டுப் பொருளாகும். அல்லது சாமிப் படத்தடிக்குப் போகும். அல்லது டவுனில் பழைய சாமான் வாங்குபவரிடம் சேரும்.

உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட காசுகளைத் தேடுவதே ஒரு பொழுதுபோக்கு. மெட்டல் டிடெக்டரோடு வயல்வெளியில் நடந்து, ஓசை கேட்ட இடத்தில் தோண்டி, காசையும் டோக்கனையும் எடுத்துச் சேர்ப்பார்கள். இலங்கையில் அதே கருவிக்கு இரண்டு முகங்கள் உண்டு. வடக்கில் அது கண்ணிவெடி அகற்றுபவரின் கருவி. தெற்கிலும் மலைநாட்டிலும் அது புதையல் தோண்டுபவரின் ‘ஸ்கேனர்’. பூசாரியோடும் மண்வெட்டியோடும் சேர்ந்து பொலிஸ் செய்தியில் வருவது. பொழுதுபோக்கு என்ற மூன்றாவது முகம் இங்கே இன்னும் உருவாகவில்லை. அது உருவானால் மலையகத் தமிழர் வரலாற்றுக்கு உதவுமா, கெடுதல் செய்யுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பழைய கண்டி இராச்சியத்தின் புதையல்கள் இதற்குள் வரா. நான் பேசுவது 19ஆம், 20ஆம் நூற்றாண்டுத் தோட்ட மண்ணில் கிடக்கும் சில்லறையைப் பற்றி.

தோட்டத்தில் புழங்கிய காசு

என்ன கிடைக்கக்கூடும் என்று முதலில் பார்க்க வேண்டும். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களின் நடுவில், ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பி நட்டார். 1840களில் கோப்பிப் பித்து உச்சத்துக்கு ஏறியபோது புசல்லாவைக் காடுகள் வெட்டப்பட்டன. ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் பெண்வழி உறவினரான டி வோர்ம்ஸ் சகோதரர்கள் அந்தப் பெயரிலேயே இங்கு தோட்டம் போட்டது அக்காலத்தில்தான்.

அன்றைய இலங்கையில் காசு ஒரு கலவைச் சந்தை. ஒல்லாந்தர் விட்டுப்போன செப்புச் சல்லிகள், யானை பொறித்த ஆரம்பகால பிரித்தானியக் காசுகள், இந்தியாவிலிருந்து வந்த வெள்ளி ரூபா, இங்கிலாந்தின் பென்ஸ், எல்லாம் ஒரே மடியில் கிடந்தன. இங்கிலாந்தின் நாணயசாலை இலங்கைக்கென்றே மிகச் சிறிய காசுகளை அடித்து அனுப்பியது. அவற்றுள் கால் ஃபார்த்திங் குறிப்பிடத்தக்கது. ஒரு பென்னிக்கு அதில் 16 வேண்டும். விரல் நுனியளவான அந்தச் செம்பில் ஒரு பக்கம் விக்டோரியா அரசியின் தலை, மறு பக்கம் மதிப்பும் ஆண்டும். இங்கிலாந்தில் யாருக்கும் தேவைப்படாத அளவு சிறிய காசு இங்கே தேவைப்பட்டது என்பது கூலியின் அளவைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

1872இல் ரூபா–சதக் கணக்கு வந்தது. அதற்காக அடித்த செப்புக்காசுகள் 1870 என்ற ஆண்டைத் தாங்கியவை: கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம். பின்புறத்தில் தாளிப்பனை ஒன்று நிற்கிறது. அதன் இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கோப்பித் தோட்டத்துப் பெண்ணின் கைக்கு வந்த முதல் தமிழ் அச்செழுத்து இந்தக் காசாக இருந்திருக்கலாம். நிரூபிக்க வழியில்லை; ஊகமாகவே இருக்கட்டும்.

ஆனால் அவள் கைக்குக் காசு எவ்வளவு வந்தது? இந்த இடத்தில்தான் விஷயம் ஆர்வமூட்டுகிறது. தோட்டத்துச் சம்பளத்தில் பெரும் பகுதி அரிசியாக முன்கூட்டியே கொடுக்கப்பட்டுக் கழிக்கப்பட்டது. பயணச் செலவும் முன்பணமும் கடனாக ஆளின் தலையில் ஏறின. சம்பளம், ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி வழியாகவே வந்தது. அவர் தமக்குரியதைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக் காசும் உண்டு. ஓர் ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால், அவர் கடனை ஏற்பதாகப் புதுத் துரை ‘துண்டு’ எழுதித் தர வேண்டும். 1921இல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழிக்கும்வரை, தோட்டத்துப் பணம் என்பது முக்கியமாகக் காகிதத்தில் ஓடிய கடன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோப்பிக் காலத்து உழைப்பு பருவத்தை ஒட்டியது. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்தவர்களில் பலர் முடிந்ததும் மன்னார் வழியே ஊர் திரும்பினார்கள். மிச்சம் பிடித்த வெள்ளி ரூபா மடியில் முடிந்து இராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் போனது. தேயிலை வந்த பிறகுதான், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், குடும்பம் குடும்பமாக லயத்தில் நிலைத்தார்கள்.

ஆகவே கோப்பிக் காலத்து லயத்து மண்ணில் காசு அதிகம் கிடக்காது என்று எதிர்பார்ப்பதே நியாயம். பொழுதுபோக்காகத் தேடுபவருக்கு அது வெறுங்கையோடு திரும்பிய நாள். ஆய்வாளருக்கு அது ஒரு முடிவு. லயத்தடியில் காசு இல்லை, ஆனால் கங்காணி வீட்டடியிலும் தவறணை இருந்த இடத்திலும் இருக்கிறது என்று காட்ட முடிந்தால், சம்பளக் காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு மண்ணே ஒரு கணக்குப் புத்தகம். சாராயக் குத்தகை 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் பெரும் செல்வர்களை உருவாக்கியதைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தச் செல்வத்தின் ஒரு நுனி தோட்டத்துத் தவறணைத் திண்ணை. மறு நுனியை ஆவணங்களில் பார்க்கலாம். இந்த நுனியை எங்கே பார்ப்பது?

டோக்கன் என்னும் எதிர்பார்ப்பு

இலங்கை நாணயம் சேர்ப்பவர்களிடையே கோப்பி டோக்கன்களுக்கு, அதாவது காசுக்குப் பதிலாகக் கொடுத்த உலோக வில்லைகளுக்கு, தனி மதிப்பு உண்டு. 1895இல் லௌஸ்லியும் 1924இல் எச். டபிள்யூ. கொட்ரிங்டனும், பின்னர் பிரிட்மோரும் எழுதிய நூல்களே இன்றுவரை சேகரிப்பாளர்களின் அடிப்படை. இந்த நூல்களால் நமக்குக் கிடைத்த அறிவு சிறியதல்ல. ஆனால் அவை பொருளை வரிசைப்படுத்தும் முறையைக் கவனிக்க வேண்டும். எந்தக் கம்பனி வெளியிட்டது, எந்த உலோகம், என்ன எழுத்து, எத்தனை வகை. வில்லை எங்கே கிடந்தது, கடைசியாக யார் கையில் இருந்தது என்ற பத்தியே அவற்றில் இல்லை.

இதில் ஒரு தவறான எதிர்பார்ப்பும் ஒளிந்திருக்கிறது. ‘தோட்ட டோக்கன்’ என்று பேச்சில் சொன்னாலும், அறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை கொழும்பின் கோப்பி ஆலைகளோடு தொடர்புடையவை. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்த ஆலை வில்லை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலையிலிருந்து மாட்டு வண்டியில் இறங்கிய கோப்பியை அங்கே உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரித்தார்கள். கையால் பொறுக்கிப் பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. சில்லறை போதாத ஊரில் அந்த வேலைக்கான கூலிக்கு வில்லை கொடுத்துப் பிறகு மாற்றிக்கொள்வது ஆலைக்காரருக்கு வசதி. ஆகவே இந்த வில்லையைத் தேடிப் புசல்லாவைக்கு வருபவர் தப்பான மலையில் ஏறுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

தோட்டத்துக்கு நிச்சயமாக ஏறி வந்த வில்லை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்சேர்ப்புக்காகத் தகர வில்லை முறை வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணும் வரிசை இலக்கமும் அடித்த சிறு உலோக வில்லைகளைக் கங்காணி தமிழகத்துக்குக் கொண்டுபோவார். சேர்க்கப்பட்ட ஆள் அதைக் கயிற்றில் கோத்து உடம்பில் அணிந்துகொள்வார். வழியில் பயணமும் சாப்பாடும் அந்த வில்லையின் பேரில் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். எழுதப்பட்ட விலாசம் இல்லாத மனிதருக்கு அந்த எண்ணே விலாசம். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும் வில்லைக்குத் தெரியும்.

சேகரிப்பாளர் பட்டியல்களில் இந்தத் தகர வில்லை ஓரத்தில் கிடக்கிறது. அது பணம் அல்ல என்பது காரணமாகலாம். அழகில்லை என்பதும் காரணமாகலாம். ஆனால் மலையக வரலாற்றுக்கு எல்லா ஆலை வில்லைகளையும்விட இது முக்கியம் என்பது என் கருத்து. ஓர் ஆளையும் ஒரு தோட்டத்தையும் நேரடியாக இணைக்கும் பொருள் இதைப்போல் வேறொன்று அரிது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. காசை அடித்தவன் பெயர் காசிலேயே இருக்கிறது. தொலைத்தவர் யார் என்பதை அது கிடந்த இடம் மட்டுமே சொல்லும். ஒரு தோட்டத்தின் எண் பொறித்த வில்லை இன்னொரு தோட்டத்து லயத்தில் கிடந்தால், ஓடிப்போன ஆள் ஒருவரின் கதை அங்கே இருக்கலாம். அதே வில்லை டவுனில் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் எண் மட்டுமே மிச்சம்.

கருவியின் காது

டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் அதன் நன்மை தீமையை எடைபோட முடியாது. தட்டு போன்ற முனையில் உள்ள கம்பிச் சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் குறுக்கிட்டால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு காந்தப் புலத்தை இரண்டாவது சுருள் பிடிக்கும். திரும்பி வரும் அலையின் தாமதத்தை வைத்து, அது வெள்ளியா செம்பா இரும்பா என்று கருவி ஊகிக்கிறது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தைத்தான் முயன்றார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேடிய கருவியும் இதன் வழிவந்தது. போர் முடிந்து மிஞ்சிய அத்தகைய கருவிகள் வழியாகவும் இது பொழுதுபோக்காளர் கைக்கு வந்தது.

சாதாரணக் கருவியில் ஒரு காசு ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால் கேட்கும். அதற்குக் கீழே போனால் சந்தேகம். மலைநாட்டின் இரும்புச் சத்து மிகுந்த சிவந்த மண் கருவியைக் குழப்பும். அதனால் பொழுதுபோக்காளர் செய்வது ஒன்றுதான்: இரும்பின் ஓசையை அடைத்துவிடுவார். ஆணி, இரும்புத் துண்டு என்று நாள் முழுவதும் தோண்ட யாருக்குப் பொறுமை?

தோட்டத்து வரலாற்றில் அடைபட வேண்டாத ஓசை அது. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, மண்வெட்டித் தலை, மாட்டுக்கு அடித்த லாடம், வண்டிச் சக்கரத்துப் பட்டை, லயத்துக் கதவின் கீல் எல்லாமே இரும்பு. தகர வில்லை தகரம் பூசிய இரும்பாக இருந்தால் அதுவும் அந்த வரிசையில்தான் நிற்கும். துரையின் வெள்ளிப் பொத்தானும் ரூபாயும் ‘நல்ல ஓசை’ தரும்; ஆளின் ஆயுதம் ‘குப்பை’ ஓசை தரும். ஆவணக் காப்பகத்தில் துரையின் எழுத்து மிஞ்சி ஆளின் குரல் விடுபட்டதுபோலவே இங்கும் நடக்கிறது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைத் திருகுபவர் எதைத் தேடுகிறார் என்பதே கேள்வி.

மண்ணின் தன்மையும் ஒன்று சொல்கிறது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. அதே புளிப்பும் ஓயாத மழையும் செம்பை அரிக்கும், மெல்லிய இரும்பைத் தின்றே தீர்க்கும். மண்ணில் விட்டால் என்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்ற வாதம் இங்கே அப்படியே செல்லாது. கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டபோதும் கானு வெட்டியபோதும் சரிவு மண் ஏற்கெனவே புரண்டிருக்கிறது. சரிவில் கிடைக்கும் காசுக்குப் பெரும்பாலும் இடம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிராது. லயத் தரை, பிரட்டுக் களம் போல் மிதிபட்டு இறுகிய சமதளங்கள் வேறு. ஆய்வு போக வேண்டிய இடம் அதுதான். பொழுதுபோக்காளர் முதலில் போகக்கூடிய இடமும் அதுதான்.

1815 மார்ச் 2

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். 1998இல் கணிசமாகத் திருத்தப்பட்டது. மண்ணில் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. தொல்பொருளைத் தேடி அகழ்வதற்குத் தொல்பொருள் திணைக்களத் தலைவரின் அனுமதிப் பத்திரம் வேண்டும். சொந்தக் காணியானாலும் வேண்டும். எது தொல்பொருள் என்பதற்குச் சட்டம் ஒரு நாளைக் கோடாகப் போட்டது: 1815 மார்ச் 2. கண்டியின் பிரதானிகளும் ஆளுநர் பிரவுண்றிக்கும் கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். அதற்கு முந்தியது, அல்லது முந்தியது என்று நியாயமாக நம்பக்கூடியது தொல்பொருள்.

இந்த நாளைத் தேர்ந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்லச் சான்றில்லை. சுதேச அரசின் முடிவை எல்லையாக வைப்பது அக்காலத்துக்கு இயல்பாகவே பட்டிருக்கும். விளைவு மட்டும் தெளிவானது. மலையகத் தமிழரின் வரலாறு 1820களில் தொடங்குகிறது. அவர்கள் விட்டுச்சென்ற சிறு பொருள் ஒன்றுகூட இந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. மண்ணுக்குள் கிடக்கும் காசுக்கும் வில்லைக்கும் கத்திக்கும் 1815 என்பது மூடிய கதவு. ஒரு சமூகம் முழுவதுமே நாட்டின் தொல்பொருள் காலண்டருக்குப் பிந்திப் பிறந்திருக்கிறது.

‘அப்படியானால் 1815க்குப் பிந்திய காசை மட்டும் தேடுகிறேன், தடையென்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி கெட்டிக்காரத்தனமானது, ஆனால் நடைமுறையில் நில்லாது. கருவிக்கு ஆண்டு தெரியாது. புசல்லாவையும் கம்பளையும் வெறுங்காடாக இருந்து கோப்பிக்காகக் கண் திறந்தவை அல்ல. கம்பளை 14ஆம் நூற்றாண்டில் தலைநகர். கண்டி இராச்சியத்தில் வளைத்த வெள்ளிக் கம்பியான கொக்கிக்காசும் புழங்கியது. அதன் ஓசைக்கும் விக்டோரியா காலத்து வெள்ளியின் ஓசைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோண்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். தோண்டிய பிறகு சட்டம் மீறப்பட்டதா இல்லையா என்பதைக் கையில் வந்த பொருள் தீர்மானிக்கிறது. அந்த நிலைக்குத் தம்மைக் கொண்டுபோகும் பொழுதுபோக்கை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

காணி யாருடையது என்பது அடுத்த சிக்கல். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 முதல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. தேட அனுமதி கேட்பவர் கம்பனியிடமும் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். நான்கைந்து தலைமுறையாக அந்த லயத்தில் குடியிருப்பவரிடம் கேட்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

கரூரும் அக்குறுகொடவும்

தொழில்முறை ஆய்வாளர் அல்லாதவர்கள் மண்ணிலிருந்து எடுத்த காசுகளால் தமிழ் வரலாறு பெரும் பயன் பெற்ற இரண்டு இடங்கள் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர்களுக்குக் கிடைத்த காசுகள் வியாபாரிகள் கைக்குப் போயின. அவற்றை வாங்கிப் படித்து எழுதியவர்களில் முன்னோடி ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை அவர் அடையாளம் கண்டு வெளியிட்டார். மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை என்று சேரர் பெயர் தாங்கிய காசுகளும் கரூர் வழியே அறிவுலகத்துக்கு வந்தன. இலக்கியத்தில் மட்டும் இருந்த அரசர்களுக்கு உலோகச் சான்று கிடைத்தது.

இலங்கையின் தெற்கே திஸ்ஸமகாராமைக்கு அருகே அக்குறுகொடவிலும் இதே கதை. ஊரவர் தோண்டியெடுத்த காசுகளை ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999இல் நூலாக்கினார்கள். ஈயக்காசு சிலவற்றில் தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர்கள் இருந்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்து எழுதினார். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே அந்தத் தென்பகுதியான உருகுணையில் தமிழ் வணிகர் இருந்தார்கள் என்பதற்கு அது வலுவான சான்று.

இந்த இரண்டையும் காட்டி, ‘ஊரவர் தோண்டட்டும், அறிஞர் வாங்கிப் படிக்கட்டும்’ என்று வாதாடுவோர் உண்டு. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் தோண்டியிராவிட்டால் அந்தப் பெயர்கள் இன்றும் மண்ணுக்குள்தான். ஆனால் அங்கே காசு பேசியது அதில் எழுத்து இருந்ததால். அரசன் பெயரும் வணிகன் பெயரும் காசிலேயே இருந்தன. இடம் தொலைந்தாலும் பெயர் மிஞ்சியது. அப்போதும் காலத்தைக் கணிக்க, அதே திஸ்ஸமகாராமையில் 1992 முதல் ஜெர்மானியரும் இலங்கையரும் அடுக்கடுக்காக நடத்திய அகழாய்வுக் குழிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. புசல்லாவைக் காசில் இருப்பது விக்டோரியாவின் பெயர். அதைப் படித்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுத்து ஊமையாக இருக்கும் இடத்தில் மண்தான் சாட்சி; அந்தச் சாட்சியைக் கலைத்துவிட்டால் கரூர் உதாரணம் கைகொடுக்காது.

ஒப்பிடத் தகுந்தது வேறு. அமெரிக்காவில் தொல்லியலாளர் சார்ள்ஸ் ஃபேர்பாங்ஸ் 1968இல் புளோரிடாவின் கிங்ஸ்லி தோட்டத்தில் அடிமைகளின் குடிசைகளை அகழ்ந்தார். அதிலிருந்து அடிமைத் தோட்டத் தொல்லியல் என்ற துறையே வளர்ந்தது. எழுத்தில் இல்லாத மக்களின் சாப்பாடும் நம்பிக்கையும் குடிசைத் தரையில் இருந்தன. அத்தகைய குடியிருப்புகளில் துளையிட்ட வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. செலவழிக்காமல் துளையிட்டுக் கட்டிக்கொண்ட காசு காப்பாக இருந்திருக்கும் என்கிறார்கள். காசுமாலை கோத்த நம்மவருக்குத் துளைக்காசு புதிதல்ல. ஆனால் லயத்துத் தரையில் கிடைக்கும் துளைக்காசு நகையா, காப்பா, அடகுக்குப் போய்வந்ததா என்று கேட்க, முதலில் அதை லயத்துத் தரையிலேயே பார்க்க வேண்டும்.

ஆய்வுக்குள் வந்த பொழுதுபோக்கு

பொழுதுபோக்காளரும் ஆய்வாளரும் எதிரிகள் என்பது பொதுவான எண்ணம்; எப்போதும் அப்படியல்ல. 1983இல், பூர்வகுடியினர் அமெரிக்கப் படையோடு மோதிய லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களத்தில் தீப்பிடித்துப் புல் எரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்கொட்டும் ரிச்சர்ட் ஃபொக்ஸும் டிடெக்டர் பழகிய தொண்டர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். ஓசை வந்த இடத்தில் கொடி நட்டு, அளந்து, குறித்த பிறகே பொருளை எடுத்தார்கள். தோட்டாக்கள் கிடந்த வரிசையிலிருந்து யார் எங்கே நின்று சுட்டார்கள், எப்படி நகர்ந்தார்கள் என்பது தெரிந்தது. பூர்வகுடியினர் சொல்லியும் நீண்ட காலம் பொருட்படுத்தப்படாத விவரங்களுக்கு மண் துணை நின்றது.

இங்கிலாந்தில் 1996இன் புதையல் சட்டத்தை அடுத்து, 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுக்கும் சிறு தொல்பொருள்களைப் பதிவுசெய்யும் திட்டம் நடக்கிறது. 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. சஃபோக்கின் ரெண்டில்ஷமில் இரவுத் திருடர்கள் டிடெக்டரோடு வயலில் இறங்குவதாகக் காணிக்காரர் முறையிட, அதிகாரிகள் திறமையான சில பொழுதுபோக்காளரையே அழைத்துப் பல ஆண்டுகள் முறைப்படி தேடவைத்தார்கள். ஆங்கிலோ–சாக்சன் அரச குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. குறைகளும் உண்டு, பதிவு செய்யாதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். உழுத வயலும் காணிச் சொத்துரிமையும் வேறான அந்த ஏற்பாட்டை இங்கே அப்படியே கொண்டுவருவதும் முடியாத காரியம். கடன் வாங்கத்தக்கது ஒரு பழக்கம் மட்டுமே: எடுக்கும் முன் குறிப்பது.

புசல்லாவையில்

இன்று லயத்து மண்ணுக்கு வரும் பெரிய ஆபத்து டிடெக்டர் அல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் என்ற அவலத்துக்கு முடிவுகட்டத் தனி வீடுகள் கட்டப்படுகின்றன. 2017இல் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு வந்தபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீடு வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பழைய லயம் இடியும்போது அதன் தரை பெக்கோ இயந்திரத்தின் வாளியில் ஒரே காலையில் போய்விடும். யாரும் தேடாத, யாரும் தடுக்காத இழப்பு அது.

அந்த ஒரு காலைக்கு முந்திய சில நாட்களில்தான் டிடெக்டருக்கு உண்மையான வேலை இருக்கிறது. தனியார் பொழுதுபோக்காக அன்று. அனுமதிப் பத்திரத்தோடு, பேராதனைப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை போன்ற ஒன்றின் பொறுப்பில், லயத்திலேயே வளர்ந்த இளைஞர் கையில். இரும்பின் ஓசையை அடைக்காமல் தேட வேண்டும். காம்பரா காம்பராவாக, அடுப்படி, வாசற்படி, பின்சுவர் என்று இடம் குறிக்க வேண்டும். காசு இல்லாத காம்பராவையும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கோப்பிக் காலத்து மண்சுவர் லயங்கள் எங்கே இருந்தன என்பதே பல தோட்டங்களில் மறந்துபோயிருக்கிறது. ஆணிகளும் ஓட்டுத்துண்டுகளும் சிதறிய இடத்தைக் கருவி காட்டும். ‘பழைய லயத்தடி’ என்று முதியவர்கள் சொல்லும் இடத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போய் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தவர்களுக்கு, ஒரு லயத்தைச் சுற்றி நான்கு நாள் நடப்பது பெரிய காரியமல்ல.

கோயில் முற்றத்தை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது. மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் ரோதமுனிக்கும் போட்ட காசு தொலைந்த காசு அல்ல; போட்டவர் போட்ட இடத்தில் இருக்கிறது. தவறணை இருந்த இடம் பற்றி இந்தத் தயக்கம் தேவையில்லை.

எடுத்த பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு வரும். கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்றிலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. குடும்பங்கள் பயன்படுத்திய பாத்திரமும் கருவியும் அங்கே உள்ளன. காசுக்கும் தகர வில்லைக்கும் அதைவிடப் பொருத்தமான வீடு கொழும்பில் இல்லை என்பேன். 1815க்குப் பிந்தியவற்றின் உடைமை பற்றித் தொல்பொருள் சட்டம் வாய் திறக்காததால், அதைத் தீர்மானிக்கும் முதல் உரிமை அந்த லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இருக்கட்டும். கம்பனிகள் இதற்கு இணங்குமா என்று கேட்டால், குத்தகை எழுதியவர்கள் தேயிலையைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் நினைத்திருப்பார்கள். லயத்துத் தரைக்குள் கிடக்கும் கால் சதத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். அந்த மறதி நிலைக்கும்வரை கேட்டுப் பெறுவது எளிது.